போதையில் திருத்துதல்

போதையில் திருத்துதல் என்பது எழுத்தாளர் ஒருவர் தாம் எழுதிய கதை, கவிதை அல்லது கட்டுரையை மதுவின் அல்லது வேறு போதைப்பொருளின் பிடியில் இருக்கும்போதே படித்து, வெட்டி, சேர்த்து, இறுதி வடிவம் கொடுப்பதைக் குறிக்கும். போதையில் எழுதியவர்களைப் பற்றி எல்லா மொழிகளிலும் கதைகள் ஏராளம். போதையில் திருத்தியவர்களைப் பற்றிய பேச்சு குறைவு. இரண்டும் ஒரே செயலின் இரு பகுதிகளாகக் கருதப்படுவதே இதற்குக் காரணம். உண்மையில் எழுதும்போது வேலை செய்யும் மனமும் திருத்தும்போது வேலை செய்யும் மனமும் வேறு. மது முதலில் கைவைப்பது இரண்டாவதன் மீது.

தமிழில் இந்தப் பொருளுக்கு நேரடியான ஆவணங்கள் குறைவாக இருந்தாலும், திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம், திருத்தணி மலையோடு சேர்த்துச் சொல்லப்படும் இசை மரபுகள், கண்ணதாசனின் பாட்டுப் பணி, ஜி. நாகராஜனின் வாழ்க்கை ஆகியவை இதைப் பற்றி யோசிக்க நிறைய இடம் தருகின்றன.

பிரபலமான ஒரு வாசகமும் அதன் மூலமும்

குடித்துவிட்டு எழுது, தெளிந்தபின் திருத்து என்ற அறிவுரை ஹெமிங்வேயின் பெயரில் உலவுகிறது. பனியன்களிலும் தேநீர்க் கோப்பைகளிலும்கூட அச்சாகிறது. ஹெமிங்வே அப்படி எழுதியதற்கோ சொன்னதற்கோ ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. அவர் பெருங்குடிகாரர் என்பது உண்மை. ஆனால் எழுத்து வேலையை விடியற்காலையில், பெரும்பாலும் நின்றுகொண்டே செய்தவர். 1958-ல் பாரிஸ் ரிவ்யூ இதழுக்குக் கொடுத்த நேர்காணலில், ‘போரே நீ போ’ என்று தமிழில் அறியப்படும் நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை திருப்பி எழுதியதாகச் சொன்னார். 39 முறை ஒரே பக்கத்தைப் பார்ப்பதற்கு எப்படிப்பட்ட தெளிவு வேண்டும் என்பதைக் கையெழுத்துப் பிரதி திருத்தியவர்கள் அறிவார்கள்.

அந்த வாசகத்துக்கு மிக நெருக்கமான ஒன்று அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் பீட்டர் டி வ்ரீஸ் 1964-ல் வெளியிட்ட ‘ரூபன், ரூபன்’ நாவலில் வருகிறது. வேல்ஸ் கவிஞர் டிலன் தாமஸின் சாயலில் படைக்கப்பட்ட ஒரு கவிஞன் அதைச் சொல்கிறான். ஆனால் அவன் சொல்வது பாதிதான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சில நேரம் குடித்து எழுதித் தெளிந்து திருத்துவேன், சில நேரம் தெளிந்து எழுதிக் குடித்துத் திருத்துவேன் என்பது அவன் கணக்கு. கட்டவிழ்ந்த மனம், கட்டுள்ள மனம் இரண்டும் தேவை என்று அவன் வாதாடுகிறான். இரண்டாவது பாதி பொருத்தமாக இல்லை என்பதால் உலகம் அதை வெட்டிவிட்டது. அந்த வகையில் வாசகத்தைத் திருத்தியவர்கள் தெளிவாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

யோசனை புதியதும் அல்ல. கி.மு. 5ஆம் நூற்றாண்டு கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், பாரசீகர்கள் முக்கியமான விஷயங்களைக் குடித்துக்கொண்டு விவாதிப்பார்கள் என்றும், எடுத்த முடிவை மறுநாள் தெளிந்த நிலையில் வீட்டுத் தலைவர் மீண்டும் முன்வைப்பார் என்றும், அப்போதும் பிடித்திருந்தால்தான் ஏற்பார்கள் என்றும் எழுதினார். தெளிந்த நிலையில் பேசியதைக் குடித்துவிட்டு மறுபரிசீலனை செய்வதும் உண்டாம். ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஜெர்மானியர்களைப் பற்றி இதே போன்ற வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். அவர்கள் நடிக்க முடியாத நேரத்தில் பேசுகிறார்கள், தவற முடியாத நேரத்தில் முடிவெடுக்கிறார்கள் என்பது அவருடைய விளக்கம்.

மூளையில் நடப்பது

மது மூளையின் முன்பகுதியில் நடக்கும் வேலைகளைச் சீக்கிரம் பாதிக்கிறது. ஒரு செயலைத் தொடங்குவது, வேண்டாததை அடக்குவது, செய்ததைச் சரிபார்ப்பது ஆகியவை அங்கே நடப்பவை. நாம் ஒரு தவறு செய்ததும், அதைச் சொற்களால் உணர்வதற்கு முன்பே, மூளையில் ஒரு மின்சைகை எழுகிறது. தலையில் மின்முனைகள் ஒட்டி அதைப் பதிவு செய்ய முடியும். 2002-ல் சயன்ஸ் இதழில் ரிடரின்காஃப் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, மிதமான அளவு மதுவே இந்தச் சைகையைப் பலவீனமாக்குகிறது என்று காட்டியது. மிசௌரி பல்கலைக்கழகத்தில் புரூஸ் பார்த்தலோ குழுவினர் பிறகு செய்த ஆய்வு இன்னொரு கோணத்தைச் சேர்த்தது. குடித்தவர்கள் தங்கள் தவறைக் கவனிக்காமல் இல்லை, கவனித்தும் அதற்காகச் சங்கடப்படுவது குறைந்துவிட்டது என்பது அவர்கள் கண்டது.

பிரதி திருத்துபவருக்கு இந்த இரண்டாவது முடிவுதான் அதிகம் பொருந்தும். வாக்கியம் சரியில்லை என்று தெரிகிறது; பரவாயில்லை என்றும் தோன்றுகிறது. திருத்துதல் என்பது அடிப்படையில் சங்கடத்திலிருந்து பிறக்கும் வேலை. ஒரு சொல் உறுத்துவதால்தான் அதை மாற்றுகிறோம். உறுத்தலை எடுத்துவிட்டால் மாற்றக் காரணமே இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ யாரோஸ், ஜெனிஃபர் வைலி குழுவினர் 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இளைஞர்களுக்கு, இரத்தத்தில் 100 மில்லிக்குச் சுமார் 75 மில்லிகிராம் ஆல்கஹால் வரும்வரை வோட்கா கலந்த பானம் கொடுத்துவிட்டு, சொல் விடுகதைகளைப் போட்டார்கள். தமிழில் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு: கண், மழை, குடி என்ற மூன்றுடனும் சேரும் சொல் எது? நீர். குடித்தவர்கள் இத்தகைய விடுகதைகளைக் குடிக்காதவர்களைவிட அதிகமாகவும் வேகமாகவும் விடுவித்தார்கள். அதே சமயம், மனத்தில் சிலவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்யும் தற்காலிக நினைவாற்றல் அவர்களுக்குக் குறைந்திருந்தது. ஒன்றின் மேல் அதிகம் குவியாததால் தொலைவில் உள்ள சொல் சட்டென்று வந்து மாட்டியது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். இந்தியாவில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 30 மில்லிகிராம். ஆய்வில் இருந்தவர்கள் அதைப்போல் இரண்டரை மடங்கு குடித்திருந்தார்கள்.

ஆக, குடித்தால் சொல் வரும் என்ற எழுத்தாளர்களின் அனுபவம் முழுப் பொய் அல்ல. ஒரு சொல், ஓர் உவமை, தலைப்பு வரக்கூடும். வந்ததை 300 பக்கத்துக்குள் எங்கே வைப்பது, ஏற்கெனவே 40ஆம் பக்கத்தில் அதே உவமை இருக்கிறதா என்று பார்ப்பது மற்றொரு ஆற்றல். அதுதான் குறைகிறது.

தமிழ் வாக்கியத்தின் தனிச் சிக்கல்

தமிழில் பயனிலை கடைசியில் வருகிறது. எழுவாய்க்கும் வினைமுற்றுக்கும் நடுவே எத்தனை எச்சங்களையும் அடைக்கலாம். எழுதியவர், திருத்துபவர் இருவருமே எழுவாயை வாக்கியம் முடியும்வரை கையில் பிடித்திருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

மலையடிவாரத்தில் கடை போட்டிருந்த வியாபாரிகள், காவடி எடுத்து வந்த கூட்டம் கலைந்த பிறகு, மழை வரும் என்று பயந்து சரக்கையெல்லாம் மூட்டை கட்டியது.

கட்டியவர்கள் வியாபாரிகள். வினைமுற்று ‘கட்டினார்கள்’ என்று இருக்க வேண்டும். நடுவில் புகுந்த ‘கூட்டம்’ வினையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. தெளிந்த கண்ணுக்கே இது தப்பும். தற்காலிக நினைவு தளர்ந்த நேரத்தில் இவ்வகைப் பிழைதான் முதலில் கண்ணிலிருந்து நழுவும் என்று எதிர்பார்க்கலாம். ஒற்று மிகுதல், ல-ள-ழ மயக்கம் போன்றவற்றை அச்சகத்திலோ பதிப்பகத்திலோ வேறொருவர் பிடித்துவிடுவார். இன்று கணினியும் ஓரளவு பிடிக்கும். எழுவாய் தடுமாறிய வாக்கியத்தையும், ஒரே கருத்தை இரண்டு பத்திகளில் சொன்னதையும், பாத்திரத்தின் வயது நடுவில் மாறிப்போனதையும் எழுதியவரே பார்த்தால்தான் உண்டு.

பழைய அச்சகங்களில் மெய்ப்புப் பார்க்க இருவர் உட்கார்வார்கள். ஒருவர் மூலப்பிரதியை உரக்கப் படிப்பார், மற்றவர் புரூப் தாளில் குறியிடுவார். ஒருவரின் சோர்வை மற்றவர் சரிக்கட்டும் ஏற்பாடு அது. தன் எழுத்தைத் தானே தனியாகத் திருத்துபவருக்கு அந்த இரண்டாவது ஆள் தன் தலைக்குள்தான் இருக்கிறார். மது அவரைத்தான் முதலில் தூங்க வைக்கிறது.

குறளில் சோர்வு

‘சோர்வு’ என்ற சொல்லைத் தெரிந்தேதான் மேலே பயன்படுத்தியது. திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அதன் கடைசிக் குறள், தான் குடிக்காத பொழுதில் குடித்த இன்னொருவனைப் பார்க்கும் குடிகாரன், தன் நிலையும் இப்படித்தானே என்று எண்ண மாட்டானா என்று கேட்கிறது. போதையால் வரும் அந்தத் தளர்ச்சிக்கு வள்ளுவர் வைத்த பெயர் சோர்வு. 65ஆம் அதிகாரமான சொல்வன்மையிலும் இதே சொல் வருகிறது. ஆக்கமும் கேடும் சொல்லால் வருவதால் சொல்லில் சோர்வு நேராமல் காக்க வேண்டும் என்பது அங்கே கருத்து. உடலின் தள்ளாட்டத்துக்கும் சொல்லின் தவறுக்கும் ஒரே சொல்.

கள்ளுண்ணாமையின் கடைசிக் குறளை எழுத்தாளருக்கான குறளாகவே படிக்கலாம். நேற்றிரவு குடித்துத் திருத்திய பக்கத்தை இன்று காலையில் தெளிந்து படிப்பவர், குடித்த இன்னொருவனைத் தெருவில் பார்ப்பவரின் நிலையில்தான் இருக்கிறார். அதற்கு முந்தைய குறள், குடித்தவனிடம் காரணம் காட்டித் திருத்த முயல்வது நீருக்குள் மூழ்கியவனை விளக்கு கொண்டு தேடுவது போல என்கிறது. குடித்துக்கொண்டே தன் பிரதியைத் திருத்துபவர் விளக்கையும் தானே பிடித்துக்கொண்டு மூழ்குகிறார்.

சங்கப் புலவர்கள் கள் குடித்ததை மறைக்கவில்லை. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் (235) அவனோடு பகிர்ந்த கள்ளின் நினைவு வருகிறது. அந்தப் பாட்டு குடித்தபோது பிறந்ததா என்று கேட்பதில் பயனில்லை; கையிலிருப்பது யாப்பில் நின்று, தொகுத்தவர்களின் கை பட்டு வந்த வடிவம்.

ஒப்புக்கொண்டவரும் ஒப்புக்கொள்ளாதவர்களும்

இந்தப் பொருளில் ஓர் எழுத்தாளர் தன் வாயால் சொன்ன மிகத் தெளிவான வாக்குமூலம் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டுடையது. ‘டெண்டர் இஸ் த நைட்’ 1934-ல் வெளிவந்தது. ஒன்பது ஆண்டுகள் இழுத்த நாவல். அடுத்த ஆண்டு மார்ச்சில் தன் பதிப்பாசிரியர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸுக்கு எழுதிய கடிதத்தில், நீண்ட புத்தகத்தை ஒழுங்குபடுத்துவதும் திருத்தும் நேரத்தில் வேண்டிய நுண்ணிய தீர்ப்பும் மதுவோடு ஒத்துப்போவதில்லை என்பது தனக்கு மேலும் மேலும் உறுதியாகிறது என்று எழுதினார். சிறுகதையை ஒரு புட்டியின் துணையோடு எழுதிவிடலாம், நாவலுக்கு முழு வடிவத்தையும் மனத்தில் வைத்திருக்கும் வேகம் வேண்டும் என்றும், நாவலின் மூன்றாம் பகுதியைப் போதையில் எழுத வேண்டியிராமல் இருந்திருந்தால் எதையும் கொடுத்திருப்பேன் என்றும் வருந்தினார். மூளை ஆய்வாளர்கள் அறுபது, எழுபது ஆண்டுகள் கழித்து அளந்ததை அவர் இழப்பின் மூலம் அறிந்திருந்தார். பிறகு அவர் நாவலின் பகுதிகளைக் கால வரிசைப்படி மாற்றியடுக்க விரும்பினார். அவர் 1940-ல் இறந்தார். அவர் குறிப்புகளைக் கொண்டு மால்கம் கௌலி 1951-ல் அப்படி ஒரு பதிப்பைக் கொண்டுவந்தார். வாசகர்கள் பெரும்பாலும் பழைய 1934 பதிப்பையே வைத்துக்கொண்டார்கள். திருத்தும் காலம் ஒன்று உண்டு, அது போனால் போனதுதான்.

மால்கம் லௌரியின் ‘அண்டர் த வால்கேனோ’ (1947) இதற்கு எதிர்க்கோடி. ஒரு குடிகாரத் தூதரின் கடைசி நாளைச் சொல்லும் நாவல். ஆசிரியரும் கடும் குடிகாரர். மெக்சிகோவில் 1930களில் தொடங்கிய பிரதியைப் பதிப்பகங்கள் வரிசையாகத் திருப்பி அனுப்பின. கனடாவில் கடலோரக் குடிசை ஒன்றில், மனைவி மார்ஜரி பானரின் கைத்துணையோடு, ஒப்பீட்டளவில் குறைவாகக் குடித்த ஆண்டுகளில் அதை மீண்டும் மீண்டும் எழுதினார். இன்று நாம் படிப்பது அந்த வடிவம். குடிபோதையைப் பற்றிய ஆகச் சிறந்த நாவல்களில் ஒன்று, குடி குறைந்த ஆண்டுகளில்தான் நாவலாக ஆனது.

மதுவுக்கு வெளியேயும் சான்றுகள் உண்டு. சார்த்தர் ‘இயங்கியல் அறிவின் விமர்சனம்’ நூலை (1960) எழுதிய காலத்தில் கோரிட்ரேன் என்ற ஊக்க மாத்திரையை அளவின்றி மென்றார். வழக்கம்போல் நிறுத்தி, கிழித்து, திருப்பி எழுதாமல், படித்துப் பார்க்கக்கூட நிற்காமல் பக்கம் பக்கமாக ஓடினார் என்று சிமோன் த பொவ்வார் பதிவு செய்திருக்கிறார். அந்நூலின் முடிவில்லாத வாக்கியங்களோடு போராடிய மாணவர்களுக்கு இது செய்தியே அல்ல. கோலரிட்ஜ் ‘குப்ளா கான்’ கவிதையை அபின் தந்த கனவில் வரிக்கு வரி கேட்டு எழுதியதாக 1816-ல் முன்னுரை கொடுத்தார். ஆனால் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் அவர் கையெழுத்துப் பிரதிக்கும் அச்சான வடிவத்துக்கும் வேறுபாடுகள் இருக்கின்றன. கனவு தந்ததை விழித்தவர் திருத்தியிருக்கிறார்; முன்னுரையில் அதைச் சொல்லவில்லை. பால்சாக்கை மட்டும் விதிவிலக்காகச் சேர்க்க வேண்டும். அவர் போதை காப்பி. அச்சகத்துக்காரர்கள் அழும் அளவுக்குப் புரூப் தாள்களைத் திருத்தித் தள்ளினார்.

திருத்தணி: மயக்கமும் கட்டுக்கோப்பும்

மதுவின் போதைக்கும் அருளின் போதைக்கும் தமிழ் மரபு ஒரே சொல்லைப் பயன்படுத்தத் தயங்கியதில்லை. களி, மயக்கம், வெறி மூன்றும் இரு பக்கமும் செல்லும் சொற்கள். வெறியாட்டு முருகனுக்கானது, வெறி குடிகாரனுக்கும் உரியது. அதனால் முருகன் தலமான திருத்தணியோடு இணைந்த இரண்டு மரபுகளை இங்கே பார்ப்பது பொருத்தம். கட்டவிழ்ந்த நிலையில் பிறந்ததாகச் சொல்லப்படும் எழுத்து எப்படிக் கட்டுக்குள் நின்றது என்பதை இரண்டும் காட்டுகின்றன.

ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி, சித்தூர் மாவட்டத்திலிருந்து 1960 ஏப்ரல் 1-ல் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கான போராட்டத்தின் முன்னணியில் நின்ற ம.பொ.சிவஞானம் இளமையில் அச்சுக்கோப்பவராக வேலை பார்த்தவர். கள் இறக்கும் தொழிலை மரபாகக் கொண்ட சமூகத்தில் பிறந்து மதுவிலக்குக்காக உழைத்தவர். எல்லையின் இந்தப் பக்கம் 1987 முதல் கள் இறக்கத் தடை, அந்தப் பக்கம் தடை இல்லை. ஊர்க்காரர்கள் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அறிவார்கள்.

முதல் மரபு முத்துசுவாமி தீட்சிதருடையது (1835-ல் மறைந்தார்). காசியிலிருந்து திரும்பிய அவர் திருத்தணியில் தங்கியிருந்தபோது, முதியவர் ஒருவர் வாயில் கற்கண்டைப் போட்டு மறைந்தார் என்றும், அக்கணமே பாட்டு பிறந்தது என்றும் சொல்வார்கள். கற்கண்டின் இனிப்பில் தன்னை மறந்து பாடியதாகக் கதை. ஆனால் அப்படிப் பிறந்த திருத்தணிக் கிருதிகளைப் பாருங்கள். எட்டுக் கிருதிகள், வடமொழியின் எட்டு வேற்றுமைகளுக்கும் ஒன்றுவீதம். முதல் வேற்றுமையில் மாயாமாளவகௌளை, இரண்டாவதில் ஆனந்தபைரவி என்று ஒவ்வொன்றும் தனி இராகம். பள்ளிக்கூட இலக்கண அட்டவணையை நிரப்புவதுபோல் கண்டிப்பான சட்டகம். மயக்கத்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் பாட்டுகளுக்கு இதைவிட விழிப்பான கட்டமைப்பைக் கற்பனை செய்ய முடியாது.

இரண்டாவது அருணகிரிநாதர் மரபு. இன்ப நாட்டத்தில் வாழ்வை அழித்து, திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்தவரை முருகன் தாங்கினான் என்பது அவரைப் பற்றிய கதை. திருத்தணி மீது அவர் பாடிய திருப்புகழ்ப் பாடல்கள் பல. திருப்புகழின் சந்தம் ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் இடறும் வகையைச் சேர்ந்தது. பாடுபவரின் நாக்கே பிழையைக் காட்டிவிடும். யாப்பும் சந்தமும் ஒரு வகையில் எழுதியவருக்கு வெளியே நிற்கும் திருத்துநர். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1910களின் இறுதியில் தொடங்கிவைத்த திருப்புகழ்த் திருப்படித் திருவிழா, ஆங்கிலப் புத்தாண்டில் வெள்ளைக்கார துரைகளைப் பார்க்கப் போகும் வழக்கத்துக்கு மாற்றாகத் தணிகை துரையைப் பார்க்க அழைத்தது. டிசம்பர் 31 அன்று ஆண்டின் நாட்கணக்கான 365 படிகளிலும் பாடிக்கொண்டு ஏறுகிறார்கள். ஊர் முழுக்கக் குடிக்கும் இரவில் சந்தம் பிசகாமல் பாட வேண்டிய கூட்டம் அது.

தணிகை என்ற பெயருக்கு முருகனின் சினம் தணிந்த இடம் என்பது தலபுராண விளக்கம். எழுதிய சூடு தணியட்டும் என்று பிரதியைப் பெட்டிக்குள் வைக்கும் எழுத்தாளர்கள் இதே வினைச்சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

கண்ணதாசன்: மெட்டு என்ற திருத்துநர்

தமிழில் குடியைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசிய எழுத்தாளர் கண்ணதாசன் (1927–1981). ‘வனவாசம்’ போன்ற தன்வரலாற்று நூல்களில் தன் பலவீனங்களைத் தானே எழுதினார். 1963-ல் வந்த ‘இரத்தத் திலகம்’ படத்தில் கோப்பையைப் பற்றிய பாட்டுக்குத் தானே திரையில் தோன்றினார். குடித்தார், அதனால் பாடினார் என்ற முடிச்சு அங்கிருந்துதான் தமிழர் மனத்தில் விழுந்திருக்க வேண்டும்.

அவர் பாட்டு உருவான விதத்தை நினைத்தால் முடிச்சு அவிழும். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தோடு மெட்டை வாசிப்பார். கவிஞர் வரிகளைச் சொல்லுவார், உதவியாளர் எழுதிக்கொள்வார். பஞ்சு அருணாசலம் பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தவர். ஒரு பல்லவி பிடிக்காவிட்டால் இன்னொன்று, அதுவும் இல்லையென்றால் வேறொன்று. மெட்டுக்குள் உட்காராத சொல் அங்கேயே விழும். இயக்குநர் காட்சிக்குப் பொருந்தவில்லை என்பார். எம்.எஸ்.விஸ்வநாதன் போன்றவர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது கவிஞர் தனியாகத் திருத்த வேண்டிய நிலையே வருவதில்லை. நான்கு பேர் தெளிந்திருந்தால் போதும்.

அவர் உரைநடை நூல்களுக்கு மெட்டு இல்லை, எதிரில் உட்கார்ந்து வேறு பல்லவி கேட்க ஆளும் இல்லை. தாமே நடத்திய இதழ்களில் தாமே ஆசிரியர். பாட்டுகளில் இருக்கும் இறுக்கம் அவர் கட்டுரைகளில் ஒரே சீராக இல்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அதற்கு மதுதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அவசரமும் கடனும்கூடப் போதிய காரணங்கள். ஆனால் குடிக்கும் எழுத்தாளரைக் காப்பாற்றுவது அவர் திறமை மட்டுமல்ல, சுற்றியிருக்கும் ஏற்பாடும்தான் என்பதற்கு அந்த வேறுபாடு ஒரு குறிப்பு.

ஜி. நாகராஜன்: எழுதாமல் போனவை

ஜி. நாகராஜன் (1929–1981) மதுரைக்காரர். கணிதப் பேராசிரியராக மாணவர்களிடம் பெரும்பெயர் பெற்றவர். ‘குறத்தி முடுக்கு’ 1963-லும், ‘கண்டதும் கேட்டதும்’ சிறுகதைத் தொகுதி 1971-லும், ‘நாளை மற்றுமொரு நாளே’ 1974-லும் வெளிவந்தன. அவர் இளமை, முழு மதுவிலக்கு இருந்த 1948-க்கும் 1971-க்கும் இடைப்பட்ட காலத்தில் கழிந்தது. பெர்மிட் இல்லாதவர் குடிப்பது அன்று குற்றம். குடிக்கும் இடங்கள் ஊரின் மறைவிடங்கள். அவர் எழுதிய உலகமும் அதுவே. 1971-ல் திறந்த மதுக்கடைகள் 1974-ல், அவர் நாவல் வந்த ஆண்டில், மீண்டும் மூடப்பட்டன.

மதுவும் கஞ்சாவும் அவர் வேலையை, குடும்ப வாழ்வை, உடலைத் தின்றதை அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சுந்தர ராமசாமியின் ‘நினைவோடை’ வரிசையில் அவரைப் பற்றிய நூல் அன்பும் எரிச்சலும் கலந்த ஆவணம். இத்தனைக்கும் நடுவில் அவர் உரைநடையைப் படிப்பவர்களை முதலில் தாக்குவது அதன் தெளிவு. கந்தன் என்ற மனிதனின் ஒரு நாளைச் சொல்லும் ‘நாளை மற்றுமொரு நாளே’யில் தேவையற்ற உவமை இல்லை, கண்ணீர் இல்லை, தீர்ப்பு இல்லை. கணக்குப் போடுபவரின் வரிகள். தள்ளாடும் மனிதர்களைப் பற்றித் தள்ளாடாத கை எழுதியிருக்கிறது.

இதைக் காட்டி, பார், குடித்தாலும் எழுதலாம் என்று இளைஞர்கள் சிலர் சொல்வதுண்டு. அச்சில் இருப்பதை மட்டும் பார்த்துச் சொல்வது அது. ஒரு குறுநாவல், ஒரு நாவல், ஒரு சிறுகதைத் தொகுதி: 51 வயதில் இறந்தவர் தம் வாழ்நாளில் புத்தகமாகக் கொடுத்தது இவ்வளவு. லௌரிக்குக் கிடைத்த குடிசை ஆண்டுகள் போன்ற ஒன்று நாகராஜனுக்கு அமையவில்லை. போதை அவர் பக்கங்களில் பிழையாகத் தெரியவில்லை. எழுதாத பக்கங்களாகத் தெரிகிறது.

1981 பிப்ரவரி 19 அன்று மதுரை அரசு மருத்துவமனையில் அவர் இறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 17-ல் சிகாகோவில் கண்ணதாசன் காலமானார். தமிழ்நாட்டில் மதுக்கடைகள் மறுபடி திறந்ததும் அந்த ஆண்டில்தான். இதழ்களில் சிதறிக் கிடந்த நாகராஜனின் எழுத்துகள் ராஜமார்த்தாண்டனின் முயற்சியில் தொகுக்கப்பட்டு, 1997-ல் காலச்சுவடு வெளியீடாக ஒரே நூலாக வந்தன. ஐயமான ஒரு சொல்லைச் சுட்டி, இது நீங்கள் வைத்ததா, அச்சில் வந்ததா என்று கேட்க, தொகுத்தவருக்கு எதிரில் ஆசிரியர் இல்லை.